டனலிங் வளையி மாதிரியுருவோடு ஒட்டவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

கொழும்பில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் டனலிங் வரைபுகளில் பெரும்பாலானவை அவர்களே அளந்தவை அல்ல. மெல்லிய சுவரொன்றின் ஊடாக இலத்திரன்கள் மீகடத்திக்குள் துளைத்துப் போவதுதான் டனலிங்; அழுத்தத்துக்கு எதிரே கடத்துதிறனைக் கீறியதுதான் அந்த வரைபு. வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் படத்திலிருந்து புள்ளிகளைக் கணினியில் பொறுக்கி எடுத்து, பைதனில் நிரல் எழுதி, மாதிரியுரு ஒன்றோடு பொருத்திப் பார்க்கிறார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் வளையி ஒட்டவில்லை என்றதும் எல்லாரும் முதலில் செய்வது பரமானங்களைப் பிடித்துத் திருகுவது. அதைத்தான் கடைசியாகச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் நிரலைப் பாருங்கள், பிறகு அளவீட்டைப் பாருங்கள், அதற்கும் பிறகுதான் மாதிரியுரு.

கீழே வருவதில் மூன்று மாதிரியுருக்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று 1978இன் டைன்ஸ் சூத்திரம்: மீகடத்தியின் நிலை அடர்த்தியில் (ஒவ்வொரு சக்தியிலும் எத்தனை இலத்திரன் நிலைகள் உண்டு என்பதில்), சக்தியோடு காமா என்ற கற்பனைப்பகுதியைச் சேர்த்துக் கூரான உச்சியை மழுக்குவது. அடுத்தது 1982இல் புளொண்டர், டிங்க்கம், கிளப்வைக் மூவரும் தந்த பிடிகே மாதிரியுரு: உலோகத்துக்கும் மீகடத்திக்கும் நடுவிலுள்ள சுவரின் பலத்தை இசட் என்ற ஒற்றை எண்ணில் அடக்குவது. மூன்றாவது, அதையே டி-அலை மீகடத்திக்கு, அதாவது இடைவெளியின் அளவும் குறியும் திசைக்குத் திசை மாறும் மீகடத்திக்கு, விரித்து 1995இல் தனாகாவும் காஷிவாயாவும் எழுதியது. இடைவெளி என்பது சோடி சேர்ந்த இலத்திரன்களைப் பிரிக்க ஓர் இலத்திரனுக்கு வேண்டிய சக்தி. அதை, அதாவது டெல்டாவை, மில்லிவோல்ட்டிலேயே சொல்கிறேன். இலத்திரன் ஏற்றத்தால் பெருக்கினால் சக்தி வந்துவிடும்.

அறிகுறி: நேர்ப் பக்கம் சரி, மறைப் பக்கம் தலைகீழ்

"அக்கா, வலப் பக்கம் வடிவா வருது, இடப் பக்கம் முழுக்கக் கீழ கிடக்கு." வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பிய கேள்வி இது. நிரலைத் திறக்காமலே பதில் சொல்லிவிடலாம். சிக்கலெண்ணின் வர்க்கமூலத்துக்கு இரண்டு விடைகள் உண்டு. கணினி எப்போதும் மெய்ப்பகுதி நேராக உள்ளதையே தரும்.

கையால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். டெல்டா 20, காமா 1, சக்தி மறை 30 என்று வையுங்கள். சக்தியையும் காமாவையும் சேர்த்த சிக்கலெண்ணை வர்க்கித்து, டெல்டாவின் வர்க்கமான 400ஐக் கழித்தால், மெய்ப்பகுதி 499, கற்பனைப்பகுதி 60. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 22.4, 1.3. டைன்ஸ் சூத்திரத்தில், முதலில் சேர்த்த சிக்கலெண்ணை இந்த வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும்; அந்தச் சிக்கலெண்ணின் மெய்ப்பகுதி மறை 30. ஆகவே வகுத்தால் மெய்ப்பகுதி மறை 1.34 என்று வரும். நேர் 30க்குப் போட்டால் அதே 1.34, குறி மட்டும் நேர். நிலை அடர்த்தி மறையாக இருக்கவே முடியாது. மெய்ப்பகுதியின் மட்டுப் பெறுமானத்தை எடுங்கள், தீர்ந்தது.

பிடிகேயிலும் தனாகா–காஷிவாயா சூத்திரத்திலும் இதே கோளாறு ஒளிந்து வரும், அங்கே இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. அந்திரேயெவ் தெறிப்பின் வீச்சைத் தனியாக அச்சிட்டுப் பாருங்கள். உள்ளே போகும் இலத்திரன் துளையாகத் திரும்பி வருவதற்கான வீச்சு அது. அதன் மட்டு எந்தச் சக்தியிலும் 1ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் வர்க்கமூலத்தின் குறியை மாற்ற வேண்டும்.

அறிகுறி: இடைவெளிக்குள் ரம்பப்பல் போலச் சிறு உச்சிகள்

டி-அலைக் கணிப்பில் மட்டும் வரும். இடைவெளி திசைக்குத் திசை மாறுவதால் கோணத்தின் மேல் தொகையிட வேண்டும். 5 பாகைக்கு ஒரு புள்ளி என்று எடுத்தால், டெல்டா 20ஆக உள்ளபோது 3.5, 6.8, 10, 12.9 மில்லிவோல்ட்டில் ஒவ்வொரு பல் முளைக்கும். ஒவ்வொரு கோணமும் தன் இடைவெளியில் ஒரு கூர்முனையைப் போடுகிறது. புள்ளிகளை நூற்றுக்கணக்கில் கூட்டுங்கள். இதை மறைக்கக் காமாவைக் கூட்டாதீர்கள்.

அறிகுறி: வெப்பநிலை கூடக் கூடக் காமாவும் நேர்கோட்டில் ஏறுகிறது

அநேகமாக வெப்ப விரிவை நிரலில் சேர்க்கவே இல்லை. டனலிங் கடத்துதிறன் என்பது நிலை அடர்த்தியின் நேரடிப் படம் அல்ல. பெர்மிச் சார்பின் (எந்தச் சக்தி நிலை எவ்வளவு நிரம்பியிருக்கும் என்பதன்) பெறுதியால் அது பூசப்பட்டிருக்கும். அந்தப் பூச்சின் அரை உயர அகலம் 3.5 மடங்கு போல்ட்ஸ்மன் மாறிலி பெருக்கல் வெப்பநிலை. 4.2 கெல்வினில் அது 1.3 மில்லிவோல்ட் அளவு. 77 கெல்வினில் 23 மில்லிவோல்ட். இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒய்பிசிஓ என்ற செப்பு ஒட்சைட்டு மீகடத்தியின் டனலிங் இடைவெளியே 20 மில்லிவோல்ட் அளவுதான். திரவ நைதரசனில் காந்தத்தை மிதக்க வைத்துக் காட்டலாம். ஆனால் அதே நைதரசனில் இடைவெளியின் வடிவத்தைப் பார்க்க நினைத்தால், பூச்சு படத்தைவிட அகலமாகிவிடுகிறது. பாடசாலைக் கண்காட்சிக்கு வாங்கிய வில்லையை வைத்து டனலிங் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். அத்துடன், ஒய்பிசிஓவின் மேற்பரப்பு ஈரக் காற்றில் கெட்டுப்போகும். கொழும்புக் காற்றில் திறந்து கிடந்த வில்லையின் தோல், உள்ளே இருக்கிற மீகடத்தியைப் பற்றி எதுவும் சொல்லாது. டனலிங்கோ தோலிலிருந்து ஒருசில நானோமீற்றர் ஆழத்தை மட்டுமே பார்க்கிறது.

அளவீட்டில் பூட்டுப் பெருக்கி (சிறு ஆடல் அழுத்தத்தைச் சேர்த்துக் கடத்துதிறனை அளக்கும் கருவி) பயன்பட்டிருந்தால் அதன் அலைவும் வளையியை அகலிக்கும். சராசரி வர்க்கமூல அலைவின் 2.5 மடங்கு என்று வைத்து, வெப்ப அகலத்தோடு வர்க்கங்களாகக் கூட்டிப் பின் வர்க்கமூலம் எடுங்கள். கட்டுரையின் அளவீட்டு முறைப் பகுதியில் அந்த அலைவு கிடக்கும். படத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு கட்டுரையை வாசிக்காமல் விடுகிறவர்கள் இங்கேதான் அகப்படுகிறார்கள். இவ்வளவையும் சேர்த்த பிறகும் மிஞ்சுகிற அகலம்தான் காமா.

அறிகுறி: உச்சி 25 மில்லிவோல்ட்டில் நிற்கிறது, 20 என்று எதிர்பார்த்தோம்

இந்த ஒரு அறிகுறிக்கு மூன்று வெவ்வேறு நோய்கள் உண்டு, மருந்தும் வெவ்வேறு.

காமா பெரிதாக இருக்கலாம். டைன்ஸ் சூத்திரத்தில் பூச்சிய அழுத்தத்துக் கடத்துதிறன், காமாவை, காமாவினதும் டெல்டாவினதும் வர்க்கங்களின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. இடைவெளிக்கு வெகு வெளியே 1 என்று இயல்பாக்கிய படத்தில் அந்த இடத்தில் 0.3 என்று இருந்தால், டெல்டா 20க்குக் காமா 6.3 ஆகிவிடும். அந்தக் காமாவோடு வளையியைக் கீறுங்கள். உச்சி 20இல் இராது, 25ஐ ஒட்டி நகர்ந்திருக்கும். உயரமும் 1.3க்கு இறங்கிவிடும். அதாவது உச்சி நிற்கும் இடமே டெல்டா என்று கண்ணால் வாசிப்பது, காமா சிறிதாக உள்ளபோது மட்டும்தான் சரி.

இரண்டாவது, தொடர் தடை. சந்தியின் தடை 100 ஓம், அதற்குப் போகும் படலத்தின் தடை 25 ஓம் என்றால், சந்தியில் 20 மில்லிவோல்ட் விழும்போது கருவி 25 என்று காட்டும். நான்கு முனை இணைப்புப் போட்டிருந்தாலும் சந்திக்கும் அழுத்த முனைக்கும் நடுவில் கிடக்கிற படலம் போகாது. படலம் முழுதாக மீகடத்தும் வெப்பநிலையில் இந்தத் தடை இல்லாமல் போய்விடும் என்பதால், மீகடத்தல் நின்றுபோகும் மாறுநிலை வெப்பநிலையை நெருங்கும்போது உச்சி உள்ளே சுருங்குவதற்குப் பதிலாக வெளியே ஓடினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஒரே படிகத்தில் வெவ்வேறு தடையுள்ள சந்திகள் வெவ்வேறு இடைவெளி காட்டினாலும் சந்தேகம் இதன்மேல்தான்.

மூன்றாவது வகையில் உச்சி 25இல் அல்ல, ஏறத்தாழ இரட்டிப்பில் நிற்கும். உலோகமும் மீகடத்தியும் சேர்ந்த சந்தி என்று நினைத்தது, உண்மையில் மீகடத்திக்கும் மீகடத்திக்கும் இடையிலானது. ஊசிமுனை பிஸ்கோவில் (பிஸ்மத் கலந்த செப்பு ஒட்சைட்டு மீகடத்தி) குத்தும்போது ஒரு செதிலைப் பெயர்த்துத் தன்னோடு ஒட்டிக்கொள்ளலாம், அல்லது படிகத்துக்குள்ளேயே ஒரு வெடிப்பு சந்தியாகலாம். அப்போது உச்சி இரண்டு டெல்டாவில் வரும். பூச்சியத்தில் ஜோசப்சன் மின்னோட்டத்தின் (இரு மீகடத்திகளுக்கிடையே அழுத்தமின்றிப் பாயும் மின்னோட்டத்தின்) சிறு முள் தெரிந்தால் கிட்டத்தட்ட உறுதி. இதைச் சாதாரண டைன்ஸ் சூத்திரத்தில் பொருத்தினால் பொருத்தம் அழகாக வரும், டெல்டா மட்டும் இரு மடங்காக இருக்கும். அதனால்தான் இது ஆபத்தானது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இடைவெளி பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பிழை என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு டெல்டாவை மாறுநிலை வெப்பநிலையின் சக்தியால் வகுத்தால், மீகடத்தலை இலத்திரன் சோடிகளால் விளக்கும் பழைய பிசிஎஸ் கோட்பாடு 3.53 என்கிறது. டி-அலைக்கு, சோடிகளின் பிணைப்பு மெலிவாக உள்ள மென் இணைப்பில், 4.28. பிஸ்கோ 2212இல் டெல்டா 40, மாறுநிலை 90 கெல்வின் என்று எடுத்தால் விகிதம் 10ஐத் தாண்டும். இந்தப் பொருள்களில் அது வழமை.

அறிகுறி: அடிப்பகுதி தட்டையாக இல்லை, ஆங்கில வீ எழுத்துப் போல் இருக்கிறது

இது கோளாறே இல்லை. எல்லாத் திசையிலும் ஒரே இடைவெளி என்று கொள்ளும் எஸ்-அலை மாதிரியுருவை வைத்துக்கொண்டு காமாவைக் கூட்டிக் கூட்டி இந்த வடிவத்தை வரவழைக்க முயல்வதுதான் கோளாறு. டி-அலையில் இடைவெளி நான்கு திசைகளில் பூச்சியமாகிறது. ஆகவே எந்தச் சிறு சக்தியிலும் நிலைகள் உண்டு. தாழ் வெப்பநிலையில், காமா இல்லாமல், நிலை அடர்த்தி ஆரம்பத்தில் சக்தியை டெல்டாவால் வகுத்ததற்குச் சமன். டெல்டாவின் கால்வாசியில் கடத்துதிறனும் 0.25 அளவு இருக்க வேண்டும். எஸ்-அலையில் அதே இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இராது. இந்த ஒரு புள்ளியைப் பார்த்தே எந்த மாதிரியுரு என்று தீர்மானித்துவிடலாம், காமா சிறிதாக இருக்கும் வரை. காமா டெல்டாவின் மூன்றிலொன்றை நெருங்கியதும் இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடும். அதற்குப் பிறகு பொருத்தலின் தரத்தைக் காட்டி "எங்கள் தரவு எஸ்-அலையை ஆதரிக்கிறது" என்று எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. டி-அலை என்பதற்கான பலமான ஆதாரம் டனலிங் வளையியின் வடிவத்திலிருந்து வந்ததல்ல. இடைவெளியின் அலைக் கட்டத்தை (குறி மாறுகிறதா என்பதை) நேரடியாகச் சோதித்த 1993, 1994ஆம் ஆண்டுப் பரிசோதனைகளிலிருந்து வந்தது.

ஒரு சிறு பொறி: சி-அச்சு வழியாக, அதாவது செப்பு ஒட்சைட்டுத் தளங்களுக்குச் செங்குத்தாக, டனலிங் செய்தால் எல்லாத் திசை இலத்திரன்களும் ஒரே அளவில் பங்கெடுப்பதில்லை. செப்பு ஒட்சைட்டுத் தளங்களுக்கிடையே தாவும் வீச்சு, இடைவெளி பூச்சியமாகிற திசைகளிலேயே பூச்சியமாகிறது. அந்தத் திசைகளின் பங்கு குறைந்து அடிப்பகுதி வீயிலிருந்து யூவின் பக்கம் சாயும். தொகையீட்டில் நிறை போடாமல் விட்டால் இதை எஸ்-அலை என்று தவறாக வாசிக்க இடமுண்டு.

அறிகுறி: பள்ளம் இருக்க வேண்டிய பூச்சியத்தில் உச்சி

எனக்கு மிகப் பிடித்த அறிகுறி இது, ஏனென்றால் இதில் பௌதிகம் அவ்வளவு அழகாக இருக்கிறது. டி-அலை இடைவெளியின் குறி 90 பாகைக்கு ஒரு தடவை மாறுகிறது. படிகத்தை 110 முகத்தில், அதாவது இடைவெளி பூச்சியமாகும் திசைக்குச் செங்குத்தாக, வெட்டினால், மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் துகள் வரும்போது நேர்க் குறியையும் போகும்போது மறைக் குறியையும் சந்திக்கிறது. அந்தக் குறிமாற்றம் மேற்பரப்பில் சரியாகப் பூச்சியச் சக்தியில் ஒரு கட்டுண்ட நிலையை உண்டாக்குகிறது. 1994இல் சியா-ரென் ஹு இதை எடுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு தனாகாவும் காஷிவாயாவும் கடத்துதிறனுக்கான முழுச் சூத்திரத்தைத் தந்தார்கள். 110 முகத்துக்கு வழக்கமான பிடிகேயைப் போட்டுவிட்டு ஒட்டவில்லை என்று சொன்னால், ஒட்டாததுதான் சரி.

ஆனால் பூச்சிய உச்சி என்றாலே இதுதான் என்று பாய்ந்துவிடவும் கூடாது. சுவர் மெலிந்த பிடிகே சந்தியிலும் பூச்சியத்தில் கடத்துதிறன் உயரும். அது அதிகபட்சம் 2, அகன்ற மேடு போல, டெல்டா வரை பரந்து கிடக்கும். கட்டுண்ட நிலையின் உச்சி ஒடுங்கியது. சுவர் பலக்கப் பலக்க இன்னும் ஒடுங்கி உயரும், 2ஐத் தாண்டவும் செய்யும். இசட்டைக் கூட்டிப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும், பிரித்தறிய இதைவிட நல்ல வழி இல்லை. ஜோசப்சன் முள் என்றால் சிறிய காந்தப்புலத்திலேயே அடங்கிவிடும். சுவருக்குள் காந்த அணுக்கள் இருந்தாலும் பூச்சியத்தில் உச்சி வரும். அது மாறுநிலை வெப்பநிலைக்கு மேலும் நின்றுபிடிக்கலாம், கட்டுண்ட நிலையோ அங்கே மறைந்துவிடும்.

100 முகம் (படிக அச்சுக்குச் செங்குத்தானது) என்று எழுதியிருந்தும் உச்சி வருகிறதா? மேற்பரப்பு கரடுமுரடாக இருந்தால் நுண்ணளவில் 110 படிகளும் கலந்திருக்கும். வெவ்வேறு கோணத்து வளையிகளை ஒரு நிறையோடு கூட்டுங்கள். அந்த நிறையை எப்படித் தேர்ந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அறிகுறி: இடைவெளிக்கு வெளியே பள்ளம்

பிஸ்கோவில் இரண்டு டெல்டா அளவில் ஒரு பள்ளமும் அதற்கு அப்பால் ஒரு திமிலும் உண்மையிலேயே உண்டு. இலத்திரன்கள் ஒரு போசன் அதிர்வோடு (படிக அலைவு, காந்த அலைவு போன்றது) பிணைவதன் அடையாளம் என்று பலர் கொள்கிறார்கள். அந்த அதிர்வு எது என்பதில் இன்னும் இழுபறி. பிடிகேயிலோ டைன்ஸிலோ இந்தப் பள்ளத்துக்கு இடமே கிடையாது. பொருத்தும் எல்லையை அதற்கு உள்ளே நிறுத்துங்கள்.

ஊசிமுனை நேரே தொட்டு அளக்கும் முனைத் தொடுகையில் கூரான, ஆழமான பள்ளம் வந்தால் கதை வேறு. தொடுகையின் அகலம் இலத்திரனின் சராசரி இயங்கு தூரத்தைவிடச் சிறிதாக இல்லாவிட்டால், மின்னோட்டம் அவதிப் பெறுமானத்தை (மீகடத்தல் தாங்கும் உச்ச அளவை) தாண்டும் இடத்தில் மீகடத்தல் உடைந்து தடை சட்டென்று பாயும். பள்ளம் போல் தெரிவது அதுதான். முனையைக் கொஞ்சம் தளர்த்தித் தடையை மாற்றும்போது பள்ளமும் இடம் மாறினால் அது வெப்பமும் அவதி மின்னோட்டமும் செய்த வேலை. எந்தத் தொடுகையிலும் டெல்டாவோடு ஒரே விகிதத்தில் நின்றால் பொருளின் குணம்.

அறிகுறி: இடமும் வலமும் சமச்சீராக இல்லை

துளை ஏற்றிய (இலத்திரன் குறைத்த) கப்ரேட்டுகளில், அதாவது ஒய்பிசிஓ, பிஸ்கோ போன்ற செப்பு ஒட்சைட்டு மீகடத்திகளில், மறை அழுத்தப் பக்கம் பின்னணி உயர்ந்திருக்கும், அழுத்தத்தைப் படிகத்தின் பக்கம் அளந்தால். ஊசிமுனைப் பக்கம் அளந்திருந்தால் பக்கம் மாறும். முதலில் அதைச் சரி பாருங்கள். பிடிகே இயல்பிலேயே சமச்சீரானது, எந்த இசட்டும் இந்தச் சாய்வைத் தராது. இரு பக்கத்தையும் சராசரியாக்கிப் பொருத்துவது தவறில்லை, செய்ததைச் சொல்லிவிட்டால். பின்னணியை இயல்பாக்க மாறுநிலைக்கு மேல் அளந்த வளையியால் வகுப்பது பழைய ஈயச் சந்திகளுக்குப் பழகிய முறை. கப்ரேட்டில் அதற்கு இடமில்லாமல் போவதற்கான காரணம் அடுத்த அறிகுறியில்.

அறிகுறி: மாறுநிலையைத் தாண்டியும் இடைவெளி மூடவில்லை

துளை ஏற்றம் உகந்த அளவிலும் குறைந்த பிஸ்கோவில் 1998இல் ரென்னரும் கூட்டாளிகளும் ஸ்கேனிங் டனலிங் கருவியால் கண்டது இதையே. உச்சிகள் போய்விடுகின்றன, பள்ளம் மட்டும் மாறுநிலைக்கு மிக மேல் வரை கிடக்கிறது. இதைப் போலி இடைவெளி என்கிறோம். பிசிஎஸ் வளையியில் டெல்டா பூச்சியமாக வேண்டும் என்று நிரலில் கட்டாயப்படுத்தியிருந்தால் பொருத்தல் முரண்டு பிடிக்கும். அந்தக் கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். டெல்டாவையும் காமாவையும் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் சுதந்திரமாக விட்டு, எது எந்த இடத்தில் மாறுகிறது என்று பாருங்கள். டெல்டா பெரிதும் அசையாமல் காமா மட்டும் மாறுநிலையில் துள்ளி ஏறினால், அதுவே சொல்லத் தகுந்த முடிவு. நோர்மன், ராண்டேரியா, டிங், கம்புசானோ நால்வரும் அதே 1998இல் எழுதிய தன்சக்தி மாதிரியுரு (இடைவினைகளால் இலத்திரனின் சக்தி மாறுவதைக் கணக்கிடுவது) இரண்டு வகைக் காமாக்களைப் பிரித்து வைக்கிறது. ஒற்றைக் காமா போதாத இடத்தில் அடுத்த படியாக அதை எடுங்கள்.

அறிகுறி: பொருத்தம் அருமை, ஆனால் ஓடவிட்ட ஒவ்வொரு தடவையும் வேறு விடை

டெல்டா, காமா, இசட் மூன்றும் ஒன்றுக்கொன்று கைமாற்றுக் கொடுத்துக்கொள்கின்றன. கொஞ்சம் காமாவைக் கூட்டி இசட்டையும் கூட்டினால் அதே வளையி திரும்பி வரும். ஒரேயொரு வெப்பநிலையின் ஒரேயொரு வளையியை வைத்துக்கொண்டு மூன்றையும் தீர்க்க முயலாதீர்கள். இசட் சுவரின் குணம், வெப்பநிலையோடு மாறக் கூடாது. அதைத் தாழ்ந்த வெப்பநிலையில் ஒருமுறை நிறுத்திவிட்டு மற்றவற்றுக்கு அப்படியே வையுங்கள்.

இசட் 0.1 என்று வந்தால் நம்ப வேண்டாம். சுவரே இல்லாவிட்டாலும், இரு பக்கத்துப் பெர்மி வேகங்களும் வேறுபட்டாலே இலத்திரன் தெறிக்கும். வேகங்களின் விகிதம் 4 என்றால், அது ஒன்றினாலேயே இசட் 0.75க்குக் கீழே போகாது. பொன் ஊசிக்கும் கப்ரேட்டுக்கும் நடுவில் சுவரில்லாச் சந்தி என்று நிரல் சொன்னால், மேலே சொன்ன அவதி மின்னோட்டப் பள்ளத்தையும் தொடர் தடையையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

அறிக்கையில் டெல்டாவை ஒற்றை எண்ணாகப் போடாமல், ஆரம்ப ஊகங்களை மாற்றி மாற்றி ஓடவிட்டுக் கிடைத்த வீச்சாகப் போடுங்கள். பக்கத்தில் காமாவை டெல்டாவால் வகுத்த விகிதத்தையும் எழுதுங்கள். வாசிக்கிறவர் முதலில் தேடுவது அந்த விகிதத்தைத்தான்.